மாட்டிறைச்சியைக் குறைத்து உண்பது: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த விடைகள் யாருக்காக எழுதப்பட்டவை?

மாட்டிறைச்சி உண்ணும் வழக்கமுள்ள குமரி மாவட்டக் குடும்பங்களுக்காக. உண்ணாதவரை உண்ணச் சொல்வதும், உண்பவரை அடியோடு விடச் சொல்வதும் எங்கள் வேலை அல்ல. வாரத்தில் எத்தனை நாள், ஆளுக்கு எவ்வளவு, குறைத்த இடத்தில் எதை வைப்பது என்ற மூன்றுக்குள் இங்குள்ள விடைகள் அடங்கும். இவற்றுள் மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் யோசிப்பதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறுபாட்டின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

நிலைத்த உணவுமுறை என்று எதைச் சொல்கிறீர்கள்?

உண்பவரின் உடலுக்குப் போதிய ஊட்டம் தருவதும், நிலத்தையும் நீரையும் காற்றையும் பிள்ளைகளின் காலத்துக்கும் மிச்சம் வைப்பதும், கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கும் கட்டுபடியாவதும், ஊரின் சமையலோடு ஒத்துப்போவதுமான உணவுமுறையை. வெளிநாட்டுப் பருப்பையும் டப்பாவில் அடைத்த சோயா உருண்டையையும் வாங்கச் சொல்லும் திட்டம் எதுவும் இந்த மாவட்டத்தில் ஒரு மாதத்துக்கு மேல் நிற்காது.

எல்லா இறைச்சியையும் விட்டுவிட்டு மாட்டிறைச்சியை மட்டும் ஏன் குறிவைத்துப் பேசுகிறார்கள்?

மாடு, எருமை, ஆடு ஆகிய அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள், நார்த்தீவனத்தைச் செரிக்கும்போது மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. அதன் பெரும்பகுதி ஏப்பமாக வாய்வழியே வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. ஆனால் அது காற்றில் தங்குவது சுமார் 12 ஆண்டுகளே என்பதால், இன்று குறைத்தால் பயன் நம் வாழ்நாளிலேயே தெரியும். ஐக்கிய நாடுகள் சபையின் உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மனிதச் செயல்களால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடைகளின் பங்கு. அதில் மூன்றில் இரண்டு பங்கு மாட்டினத்துடையது.

ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் ஆகிய இரு ஆய்வாளர்கள் 119 நாடுகளில் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்து 2018இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு, இத்துறையில் அதிகம் எடுத்தாளப்படும் ஒன்று. 100 கிராம் புரதம் கிடைக்க எவ்வளவு வாயு வெளியாகிறது என்பதை அது கரியமில வாயுவுக்குச் சமமான அளவில் சொல்கிறது. இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டுக்கு 50 கிலோ, பால்மாட்டு மந்தையிலிருந்து வரும் இறைச்சிக்கு 17 கிலோ, ஆட்டிறைச்சிக்கு 20 கிலோ, வளர்ப்பு இறாலுக்கு 18 கிலோ, கோழிக்கு 5.7 கிலோ, முட்டைக்கு 4.2 கிலோ, பயறு வகைகளுக்கு 0.8 கிலோ. இவை அனைத்தும் உலகச் சராசரிகள். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால் பின்வரும் விடைகள் எளிதில் விளங்கும்.

அமேசான் காட்டை அழித்து வளர்க்கும் மாட்டின் கணக்கு, நம்மூர் மாட்டுக்கு எப்படிப் பொருந்தும்?

அப்படியே பொருந்தாது. மேலே சொன்ன 50 கிலோ என்ற எண், இறைச்சிக்காகவே கன்று ஈனவைத்து, மேய்ச்சல் நிலம் ஒதுக்கி, தானியம் ஊட்டிக் கொழுக்கவைக்கும் முறையிலிருந்து வருவது. நம் சந்தைக்கு வருவது பெரும்பாலும் பால் வற்றிய பசுவும் எருமையும், உழவு ஓய்ந்த காளையும், பால்காரர் வைத்துத் தீனி போட முடியாத கிடாக்கன்றும்தான். அவை வைக்கோலையும், வரப்புப் புல்லையும், தோப்பிலும் ரப்பர் மரங்களுக்கிடையிலும் அறுத்த புல்லையும், பிண்ணாக்கையும் தின்று வளர்ந்தவை. அவற்றுக்காக எவரும் காட்டை அழிக்கவில்லை. ஆகவே 17 கிலோ என்ற எண்தான் நமக்கு நெருக்கமானது. அதுவும் துல்லியமாகப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. நம் மாடுகள் உருவத்தில் சிறியவை, மெதுவாக வளர்பவை, நெடுநாள் வாழ்பவை.

இந்தியாவின் பசுங்குடில் வாயுக்களில் வேளாண்மையின் பங்கு ஏறத்தாழ 14 சதவீதம் என்றும், அதில் பாதிக்கு மேல் கால்நடைகளின் செரிமானத்தால் வருவது என்றும் நடுவண் அரசு ஐ.நா.வுக்கு அளித்த அறிக்கைகள் காட்டுகின்றன. அந்த மாடுகள் எதற்காக வளர்க்கப்படுகின்றன என்று கேட்டால், முதல் விடை பால். உலகில் மிக அதிகமாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு இது. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் இருந்த 19 கோடிக்கு மேற்பட்ட மாடுகளும், ஏறத்தாழ 11 கோடி எருமைகளும், கறிக்குழம்புக்காகப் பெருகியவை அல்ல. காலை காப்பிக்கும் தயிருக்கும் நெய்க்கும் பெருகியவை.

அப்படியென்றால் நான் குறைப்பதால் என்ன ஆகிவிடப் போகிறது?

நேர்மையான விடை: ஏட்டில் குறையும் அளவுக்குக் காற்றில் குறையாது. குமரி மாவட்டத்தில் நாம் அனைவரும் நாளையே மாட்டிறைச்சியைப் பாதியாக்கினாலும், பாலின் தேவை குறையாதவரை மந்தையின் அளவு பெரிதாகக் குறையாது. விற்க முடியாத கிழமாட்டைத் தொழுவத்தில் கட்டித் தீனி போட்டாலும், தெருவில் அவிழ்த்துவிட்டாலும், அது சாகும்வரை மீத்தேன் வந்துகொண்டேதான் இருக்கும். 'இறைச்சியைத் தொட மாட்டேன், ஆனால் வீட்டில் தினம் இரண்டு லிட்டர் பால் வாங்குவேன்' என்பவர், தம் பாலுக்குப் பின்னால் ஒரு கிடாக்கன்றும் ஒரு கிழப்பசுவும் இருப்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆயினும் குறைப்பதற்குக் காரணம் உண்டு. இறைச்சிக்குக் கிடைக்கும் விலைதான் கிடாக்கன்றையும் எருமைக் கிடாவையும் கூடுதலாகச் சில ஆண்டுகள் வளர்ப்பதை இலாபமாக்குகிறது. தேவை கூடக்கூட, பாலின் உபபொருளாக இருந்த இறைச்சி தனித் தொழிலாக மாறும். அந்த நிலைக்குப் போய்விட்டால் 17 என்ற எண் 50ஐ நோக்கி நகரத் தொடங்கும். அந்த நகர்வைத் தடுப்பதே நம்மைப் போன்ற ஊர்களில் அளவாக உண்பதன் முதன்மைப் பயன் என்று கருதுகிறோம். உடல்நலக் காரணம் தனியே உள்ளது. அது கீழே வருகிறது.

வாரத்துக்கு எவ்வளவு உண்ணலாம்?

இரண்டு அளவுகோல்கள் உண்டு, இரண்டும் ஒத்துப்போவதில்லை. உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம், மாடு, ஆடு, பன்றி எல்லாம் சேர்த்துச் சமைத்த எடையில் வாரத்துக்கு 350 முதல் 500 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. பச்சை இறைச்சியாக அது ஏறத்தாழ அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை. பூமியின் தாங்குதிறனையும் சேர்த்துக் கணக்கிட்ட பன்னாட்டு அறிஞர் குழுவான ஈட்–லான்செட் ஆணையம் 2019இல் சொன்ன அளவு நாளொன்றுக்கு 14 கிராம், அதாவது வாரத்துக்குச் சுமார் 100 கிராம். மேல்வரம்பு 200 கிராம்.

நடைமுறையில் இதைப் பார்ப்போம். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து திரும்பும் வழியில் ஒரு கிலோ வாங்கினால் ஆளுக்கு 200 கிராம். மேல்வரம்பு அதோடு முடிந்தது. ஆனால் பலருக்கு அந்த வாரம் அதோடு முடிவதில்லை. செவ்வாயும் வெள்ளியும் மார்த்தாண்டத்திலோ களியக்காவிளையிலோ வேலை முடித்துத் திரும்பும்போது பரோட்டாவோடு ஒரு பிளேட் பீஃப் வறுவல் உள்ளே போய்விடுகிறது. வீட்டுக் கணக்கில் அது வருவதே இல்லை. எனவே வீட்டுச் சட்டியில் கைவைப்பதற்கு முன் கடைத் தட்டை எண்ணுவது நல்லது.

எங்கள் பரிந்துரை, வாரத்தில் ஒரு நாள், ஆளுக்கு 100 முதல் 150 கிராம். மாதம் ஒருமுறை மட்டும் வாங்கும் குடும்பத்துக்கு நாங்கள் சொல்ல எதுவும் இல்லை.

ஒரு கிலோ போடும் இடத்தில் அரைக் கிலோ போட்டால் வீட்டில் சண்டை வராதா?

சட்டி நிறைந்திருந்தால் வராது. தேங்காய்க்கொத்தும் நல்லமிளகும் சேர்த்து வதக்கிய அரைக் கிலோ இறைச்சியோடு, இரண்டு ஏத்தங்காயைத் தோல் சீவி, இறைச்சித் துண்டின் அளவுக்கே நறுக்கிப் போடலாம். சக்கை (பலா) காய்க்கும் காலத்தில் சக்கைக்கொட்டையைத் தோலுரித்துக் கீறிப் போடலாம். இரண்டும் இறைச்சியின் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும். முக்கியமான செய்முறை ஒன்று: இறைச்சி முக்கால் வேக்காடு வெந்த பிறகே காயைச் சேர்க்க வேண்டும், முதலிலேயே குக்கரில் ஒன்றாகப் போட்டால் காய் குழைந்து குழம்பு கூழாகிவிடும். கிழமாட்டு இறைச்சி வேக நேரம் எடுக்கும் என்பதால் இதில் அவசரம் உதவாது.

ஆனால் ஏத்தங்காயும் மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) தட்டை நிரப்புமே தவிர, புரதத்தின் இடத்தை நிரப்பா. மரச்சீனியில் புரதம் 100 கிராமுக்கு ஒன்றிரண்டு கிராம்தான். திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மன்னர் (1880–1885) காலத்தில் ஊக்கம் பெற்று, இரண்டாம் உலகப் போர்க்காலத்து அரிசிப் பஞ்சத்தில் பல வீடுகளைக் காப்பாற்றிய அந்தக் கிழங்கு, பெரும்பாலும் மீனோடு சேர்த்தே உண்ணப்பட்டது. இறைச்சியைக் குறைத்துவிட்டு மரச்சீனியும் மிளகாய்ச் சட்டினியும் மட்டும் வைப்பது உணவுமுறை மாற்றம் ஆகாது, பட்டினியை மறைப்பதாகும்.

பதிலாக எதை வைப்பது சரி?

முதலில் எதை வைக்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடலாம். 'மாட்டிறைச்சியை விட்டுவிட்டோம், இப்போது ஆட்டிறைச்சிதான்' என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. உலகச் சராசரிக் கணக்கில் அது 17ஐ விட்டு 20க்குப் போவது. செலவும் இரு மடங்குக்கு மேல். வளர்ப்பு இறாலும் அதே கதைதான். கோழிக்கு மாறினால் மூன்றில் ஒரு பங்காகக் குறையும்; முட்டைக்கு மாறினால் நான்கில் ஒரு பங்காகும். முட்டை வாங்குவதும் சமைப்பதும் எளிது என்பதால், பிள்ளைகள் உள்ள வீட்டில் முதல் மாற்றமாக இதையே சொல்வோம்.

பயறுக்கு மாறினால் இருபதில் ஒரு பங்கு. இது பலருக்கு நம்பக் கடினமாக இருப்பதால் கணக்கையே தருகிறோம். அரைக் கிலோ பச்சை இறைச்சியில் சுமார் 100 கிராம் புரதம். உலர்ந்த சிறுபயறு 400 கிராமில் ஏறத்தாழ அதே அளவு புரதம். முதலாவதற்கு 17 கிலோ, இரண்டாவதற்கு ஒரு கிலோவுக்கும் குறைவு. வாரம் ஒருமுறை இந்த மாற்றத்தைச் செய்யும் குடும்பத்தின் கணக்கில் ஆண்டுக்கு 800 கிலோவுக்கு மேல் குறையும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வருகிறது என்று கொண்டால், அது சுமார் 350 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். (ஏட்டுக் கணக்குக்கும் காற்றுக்கும் உள்ள இடைவெளியை முன்பே சொல்லிவிட்டோம்.)

அதற்காகப் புதிய சமையல் எதையும் கற்க வேண்டியதில்லை. கஞ்சியும் பயறும், புட்டும் பயறும் பப்படமும், காணத்துவையல் (காணம் என்பது கொள்ளு), உளுந்தஞ்சோறு ஆகியவை எல்லாம் இங்கே பாட்டிமார் காலம் முதல் இருப்பவை. அவற்றை நோயாளிக்கும் விரதக்காரருக்கும் உரியவையாக ஒதுக்கிவைத்ததுதான் நம் தலைமுறை செய்த காரியம்.

மீன்? கடற்கரை மாவட்டத்தில் அதை ஏன் முதலில் சொல்லவில்லை?

எல்லா மீனும் ஒன்றல்ல என்பதால். கரையோரத்தில் பிடிபடும் சாளை (மத்தி), நெத்தோலி, அயிலை போன்ற சிறுமீன்களுக்குக் கிலோவுக்குச் செலவாகும் எரிபொருள் குறைவு. தீவனம் போட வேண்டியதில்லை. பாறைகளில் மூழ்கிப் பறித்து வரும் சிப்பி அதனினும் சிறந்தது. இரும்புச்சத்திலும் பி12 வைட்டமினிலும் அதற்கு இணையானவை மிகச் சில. நாட்கணக்கில் ஆழ்கடலில் தங்கிப் பிடித்துவரும் பெருமீனின் கணக்கு வேறு; டீசலே அதில் பெருஞ்செலவு.

சாளைக்கும் ஓர் எல்லை உண்டு. கேரளத்தில் 2012இல் 4 லட்சம் டன்னுக்கு அருகில் கிடைத்த மத்தி, 2021இல் சில ஆயிரம் டன்னாக விழுந்ததை மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் பதிவு செய்துள்ளது. கடல்நீர் வெப்ப மாற்றமும் எல் நினோவும் ஒரு காரணம். குஞ்சுமீனை அள்ளுவது இன்னொன்று. 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கேரள அரசு தடை விதித்திருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் வாங்குபவரும் அந்த அளவைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. விரல் நீளம்கூட இல்லாத சாளையைக் கூறுகட்டி வைத்திருந்தால் வாங்காமல் நகர்ந்துவிடலாம். குஞ்சுமீனில் கணிசமான பகுதி மீன்தூள் ஆலைகளுக்குப் போய்க் கோழிக்கும் இறாலுக்கும் தீவனமாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். குற்றம் முழுவதும் சமையலறையுடையது அல்ல.

இரத்தசோகை உள்ள பெண்கள் மாட்டிறைச்சியைக் குறைக்கலாமா?

பதில் ஏற்பாடு இல்லாமல் குறைக்கக் கூடாது. 2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. இறைச்சியில் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்கிறது. பயறிலும் கீரையிலும் உள்ள இரும்பு அவ்வளவு எளிதில் சேர்வதில்லை. ஆகவே காணம், முருங்கைக்கீரை ஆகியவற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்து உண்ண வேண்டும்; அவற்றில் உள்ள வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். உணவோடு கட்டன் சாயா குடிக்கும் வழக்கம் இதற்கு நேர் எதிரி. தேநீரின் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு மணி நேர இடைவெளி போதும்.

பி12 தாவர உணவில் கிடைக்காது. வாரம் இருமுறை சாளையோ சிப்பியோ, அதோடு முட்டையும் பாலும் இருந்தால் பெரும்பாலோருக்குக் குறை வராது. கர்ப்பிணிகளும் வளரிளம் பெண்களும் மருத்துவர் தந்த இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீரையை மட்டும் நம்பக் கூடாது.

மாட்டிறைச்சி புற்றுநோயைத் தரும் என்பது உண்மையா?

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015இல் சிவப்பு இறைச்சியை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற வகையிலும், உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சியை 'உண்டாக்கும்' என்ற வகையிலும் சேர்த்தது. அந்த வகைப்பாடு சான்றின் உறுதியைச் சொல்வது, ஆபத்தின் அளவைச் சொல்வதன்று. நம்மூரில் பதப்படுத்திய இறைச்சி உண்பவர் குறைவு. இங்கே இறைச்சியைவிடக் கவலைக்குரியது அதனோடு வரும் மைதாவும், திரும்பத் திரும்பச் சூடேற்றிய எண்ணெயும்.

ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு 15,000 லிட்டர் தண்ணீர் என்கிறார்களே?

எண் சரி, பொருள் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. அதில் 90 சதவீதத்துக்கு மேல் புல்லிலும் பயிரிலும் பெய்யும் மழைநீர். மழை மிகுந்த மாவட்டத்தில், வைக்கோல் தின்ற மாட்டுக்கு இந்த எண்ணைச் சொல்லிப் பயமுறுத்துவதில் பொருளில்லை. பேச்சிப்பாறை அணையில் நீர் குறைவதற்கும் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கும் தொடர்பில்லை.

இதெல்லாம் மாட்டிறைச்சித் தடைக்கு மறைமுகமாக வழிவிடும் பேச்சு ஆகாதா?

இந்த ஐயம் நியாயமானது. எனவே வெளிப்படையாகச் சொல்கிறோம். ஒருவர் தம் தட்டில் அளவைக் குறைத்துக்கொள்வதும், இன்னொருவர் தட்டில் என்ன இருக்கலாம் என்று அரசோ கும்பலோ முடிவு செய்வதும் வெவ்வேறு. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 வயது கடந்து வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாடுகளைச் சான்றிதழ் பெற்று அறுக்கும் முறை உருவானது. சந்தையில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுத்து நடுவண் அரசு 2017 மே மாதத்தில் கொண்டுவந்த விதிகளுக்கு, நம் மாவட்டம் உட்பட்ட உயர்நீதிமன்ற மதுரைக் கிளைதான் முதலில் இடைக்காலத் தடை விதித்தது. அந்தத் தடையை உச்சநீதிமன்றம் நாடு முழுமைக்கும் விரித்தது.

மாட்டிறைச்சி பல குடும்பங்களுக்கு மலிவான நல்ல புரதம். பால்காரருக்கு அடுத்த கறவை வாங்கும் முதல். தடை இவ்விரண்டையும் பறிக்கும், மந்தையையும் குறைக்காது. சுற்றுச்சூழலின் பெயரால் தடை கேட்பவர்கள் பாலைப் பற்றி வாய் திறக்கிறார்களா என்று பாருங்கள், நோக்கம் விளங்கிவிடும்.

அப்படியானால் பாலையும் குறைக்க வேண்டுமா?

பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் வேண்டியதில்லை. நாளைக்குக் கால் லிட்டர் அளவை ஈட்–லான்செட் ஆணையமே ஏற்கிறது. பாலில் வேலை தொழுவத்துப் பக்கம்தான் அதிகம்: குறைந்த மாடுகளில் கூடுதல் பால், பெண்கன்றே பிறக்க உதவும் பிரித்தெடுத்த விந்தணு ஊசி, மீத்தேனைக் குறைக்கும் தீவனச் சேர்க்கை. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின் பெங்களூரு நிறுவனம் உருவாக்கிய 'ஹரித் தாரா' என்ற சேர்க்கை மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் வரை குறைப்பதாக அந்த நிறுவனம் தெரிவித்துள்ளது. இது நுகர்வோர் கையில் இல்லை.

கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கல்யாண வீடு ஆகியவற்றுக்கும் இந்த அளவு உண்டா?

இல்லை. ஆண்டில் நான்கைந்து நாள் விருந்து கணக்கை அசைக்காது. 52 ஞாயிறுகளும் இரவுப் பரோட்டாவும்தான் அசைக்கும். விருந்து வீட்டில் சமைத்ததை வீணாக்காமல் இருந்தால் போதும்.

மீன்பிடித் தடைக்காலத்தில் மீனும் இல்லை என்றால் மறுபடி இறைச்சிக் கடைக்குத்தானே போக வேண்டும்?

நம் மாவட்டத்தின் வசதி, இரண்டு கடற்கரைகளுக்கும் தடை ஒரே நேரத்தில் முழுமையாக வருவதில்லை. கிழக்குப் பகுதியான சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் உள்ளிட்ட மேற்குப் பகுதியில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் சேர்ந்து வருவது இரண்டு வாரங்களே. தடையும் விசைப்படகுகளுக்குத்தான், வள்ளங்களில் வரும் மீன் குறைந்த அளவில், கூடிய விலையில் கிடைக்கும். அந்த நாட்களுக்கென மே மாத வெயிலில் உலர்ந்த நெத்தோலிக் கருவாட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாம்; உப்பு கூடுதல் என்பதால் இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் வெந்நீரில் இருமுறை அலசிச் சமைக்க வேண்டும். மற்ற நாட்களுக்கு முட்டையும் காணமும் இருக்கின்றன.